வீட்டுவண்டி விற்பனைக்கு

பிற்பகல் மூன்று மணி. ராத்திரி இல்லை... பிற்பகல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நம்பிக்கொண்டு பகலில் நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள்.

ஆளில்லாத சாலை. இரண்டு பக்கமும் முள்காடு. வெயிலில் தார் இளகி, செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம்... அது மட்டும்தான். அத்தான் பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அத்தான் என்றால் என் அத்தான் இல்லை. போன வருஷம் வரை நம் அச்சகத்தில் வேலை பார்த்தானே சோடாபுட்டி, அவனுடைய அக்கா வீட்டுக்காரர். அவன் சொல்லிச் சொல்லி எனக்கும் அவர் அத்தான், அவர் மனைவி அக்கா. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். பொய் பேசத் தெரியாத மனுஷன். சரி... மிஷின் ஓட இன்னும் நேரம் ஆகும். நெருங்கி உட்காருங்கள். பைண்டர் அண்ணே, அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வாருங்கள்.

பஞ்சர் ஒட்ட ஆள் கிடைக்குமா என்று பார்த்தவர் கண்ணில், மூடிக்கிடந்த ஒரு மரக்கடை பட்டது. உள்ளே போனார். மரமே இல்லாத மரக்கடை. ஒரு காவலாளி, ஒரு நாற்காலி. பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே... அந்த வண்டி.

பழைய காலத்து வீட்டுவண்டி. வேனைவிடப் பெரியது, பஸ்ஸைவிடச் சின்னது. உள்ளே அடுப்படி, சாப்பிடும் மேஜை, கடைசியில் தள்ளுகதவு வைத்த படுக்கை அறை. உடம்பெல்லாம் துரு. டயர் நாலும் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்துவிட்டன. யாரோ கொண்டுவந்து விட்டவர்கள் திரும்பி வரவே இல்லையாம். காவலாளி போனில் பிடித்துக் கொடுத்த கடை முதலாளி, "இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, எடுத்துட்டுப் போனா புண்ணியம்" என்றார்.

அத்தானுக்குக் காலில் சக்கரம். ஓரிடத்தில் அரை நாள் உட்காரமாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து, "ஒரு நாள் எல்லாத்தையும் பூட்டிட்டு நாம ரெண்டு பேரும் ஊர் ஊராப் போவோம்" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். வண்டியைப் பார்த்ததும் மனசு விழுந்துவிட்டது. அந்த வாரமே இழுவை வண்டியோடு போனார். தனியாகத்தான் போனார். வீட்டுவண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இவர் உட்கார, முன்னாலிருந்து இழுத்தார்கள். கேட்டைத் தாண்டும்போது காவலாளி எட்டிப் பார்த்துக் கேட்டாராம்.

"அம்மா உள்ளேயே படுத்துட்டாங்களா?"

பட்டப்பகலிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறான் என்று அத்தான் சிரித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வண்டி நின்றது. வேலை முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு அதற்குள் நுழைந்துவிடுவார். துருவைச் சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைரேகையே அழிந்துபோனது. ஓட்டைகளை அடைத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்தார். உளுத்த தரையைப் பெயர்த்துப் புதுப் பலகை போட்டார். எலி கடித்த ஒயரையெல்லாம் பிடுங்கிப் புதுசாக இழுத்தார். மெக்கானிக்கைப் பிடித்து எஞ்சினை ஓடவைத்தார், டயர் நாலையும் மாற்றினார். மழைக்கு ஒழுகிய கூரையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவித் தடவி அடைத்தார். அக்கா தையல்காரி. பச்சையில் திரைச்சீலை தைத்தாள், மெத்தைக்கு உறை தைத்தாள். இருவரும் சண்டை போடாமல் இருந்த காலம் அதுதான் என்பான் சோடாபுட்டி.

இரண்டே இரண்டு விஷயம்தான் சரியாகவில்லை.

ஒன்று, வாசம். தலைக்குக் குளித்துவிட்டு, காயாத முடியை அப்படியே முடிந்து வைத்தால் மாலையில் ஒரு புழுங்கல் வாசம் வருமே... அது. பழைய மெத்தையை எரித்தாயிற்று. சுவர்ப் பலகையை மாற்றியாயிற்று. பெயின்ட் வாசத்தையும் மீறி அது வந்தது.

இன்னொன்று, சத்தம். கட்டில் பலகை... கிர்ர்ரீச். ஆள் புரண்டு படுத்தால் கேட்பதுபோல. அத்தான் ஸ்குரூவை முடுக்கினார். பலகையையே மாற்றினார். புதுப் பலகையும் அதே மாதிரி... கிர்ர்ரீச். மரம் காய்கிறது, அதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வண்டி பளபளவென்று தயாரான நேரம், அக்காவின் தையல் கடை சூடு பிடித்துவிட்டது. அவள் சொல்லிவிட்டாள்.

"நான் எங்கயும் வரலைங்க. இப்பதான் நாலு பேர் என்னைத் தேடி வர்றாங்க. உங்களுக்கு ஊர் சுத்தணும்னா நீங்க போயிட்டு வாங்க."

"உனக்காகத்தானே இதைச் செஞ்சேன்?"

"எனக்காகவா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அத்தானுக்கு மூக்கு நுனியில் கோபம். மறுநாளே வண்டியின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டிவிட்டார். அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவள் தடுக்கவில்லை.

முதலில் வந்தவர் ஒரு போட்டோக்காரர். காலை நேரம். நல்ல வெளிச்சம். அத்தான் வெளியே நிற்க, அவர் மட்டும் உள்ளே ஏறினார். அடுப்பைத் திருகினார், விளக்கைப் போட்டுப் பார்த்தார், "பிரமாதம்... பிரமாதம்" என்றார். கடைசியில் படுக்கை அறைக் கதவைத் தள்ளும் சத்தம். உடனே படக்கென்று மூடும் சத்தம்.

காது மடல் சிவக்க இறங்கி வந்தார்.

"ஆள் படுத்திருக்காங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

அத்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். சுருக்கமே இல்லாத விரிப்பு. யாரும் இல்லை. திரும்பி வருவதற்குள் போட்டோக்காரர் கிளம்பிவிட்டார். போகிற போக்கில் வாசலில் நின்ற அக்காவிடம், "அவங்களுக்கு உடம்பு சரியில்லையாம்மா? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்காங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா அத்தானையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதுதான் ஆபத்து.

அடுத்து ஒரு டீச்சரும் அவர் கணவரும். கணவர் அத்தானோடு எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பினார். முகத்தில் பயம் இல்லை. கோபம்.

"ஒரு பொம்பளை குடியிருக்கிற வண்டியை அவங்ககிட்டகூடச் சொல்லாம விக்கிறீங்களா? பாவம், கட்டில் ஓரத்துல உட்கார்ந்து ஈர முடியைப் பிழிஞ்சுக்கிட்டிருக்காங்க. நான் கேக்குறேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை."

அக்கா இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அன்று நடந்த சண்டை தெருக்கோடி வரை கேட்டதாம்.

"யாரு அவ?"

"எவ?"

"அதைத்தானே நானும் கேக்குறேன், எவ?"

"வண்டியில யாருமே இல்லடி!"

"இப்ப இல்ல. நான் கடைக்குப் போனதும் வருவா. அதான் விடிஞ்சா பொழுது போனா அந்த வண்டிக்குள்ளயே கிடந்தீங்களா?"

சிரிக்காதீர்கள். சோடாபுட்டிதான் போய்ப் பஞ்சாயத்து பண்ணினான். அத்தான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அக்கா நம்பவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அத்தான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். கதவைத் திறந்து பார்ப்பார்... மூடுவார்... மறுபடியும் திறப்பார். அக்கா கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்து வைத்தாள்.

மூன்றாவதாக ஆள் வருகிற நாளன்று அவள் ஒரு காரியம் செய்தாள். கடைக்குப் போகிற மாதிரி கிளம்பி, பின்பக்கமாகச் சுற்றி வந்து, வண்டிக்குள் ஏறிச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று. படுக்கை அறையைத் திறந்து பார்த்தாள். ஆள் இல்லை. அடுப்படி... இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் அவள். எதிர்ப்பக்கம் காலி இருக்கை. அவளே தைத்த உறை.

வந்தவர் டீக்கடைக்காரர். வண்டியை ஓடும் கடையாக மாற்ற நினைத்தார். உள்ளே ஏறாமல், முதலில் வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே அத்தானிடம் திரும்பினார்.

"இதுல யாரு மூத்தவங்க?"

"என்ன கேக்குறீங்க?"

"அக்கா தங்கச்சிதானே? எதிரெதிரா உட்கார்ந்திருக்காங்களே. ஈரத் தலையோட இருக்கிறவங்க என்னமோ கையை நீட்டி நீட்டிச் சொல்றாங்க. பச்சைச் சேலைக்காரம்மா காதுலயே வாங்க மாட்டேங்குறாங்க. பெரிய சண்டையோ?"

அன்று காலையில் அக்கா உடுத்தியிருந்தது பச்சைச் சேலை.

அத்தான் அவரை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். ஜன்னலில் பார்த்தார். அக்கா மட்டும்தான் தெரிந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, எதிரே உள்ள காலி இருக்கையை வெறித்துப் பார்த்தபடி.

"ஏய்... கொஞ்சம் வெளிய வா."

"எதுக்கு?"

"வான்னா வா."

அவருடைய குரலில் என்ன இருந்ததோ, அக்கா மறுபேச்சுப் பேசாமல் எழுந்தாள். படியில் கால் வைத்ததும் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தே விட்டார். டீக்கடைக்காரர் இன்னும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்துங்க... அவங்களும் எழுந்து வர்றாங்க, கதவைச் சாத்திடாதீங்க" என்றார்.

அவர் போன பிறகு, அத்தான் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது. அந்தச் சந்தேகம் போன இடம் தெரியவில்லை. அவள்தான் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

"முதல்ல வந்தவர் பார்த்தப்ப படுத்திருந்தாங்க. அடுத்து எழுந்து உட்கார்ந்துட்டாங்க. இன்னைக்கு மேஜை வரைக்கும் வந்தாச்சு... வாசலுக்குத்தான் வந்துக்கிட்டிருக்காங்க."

பைண்டர் அண்ணே, கால்களை மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம், கீழே ஒன்றும் இல்லை.

அத்தான் மரக்கடைக்கு ஓடினார். காவலாளி வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டி யாருடையது என்று முதலாளிக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் நின்றார். உடைத்துக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று. ஓங்கியும் விட்டார். ஆனால் எந்தப் பலகையைப் பார்த்தாலும் அவர் அறுத்தது. எந்த மூலையைப் பார்த்தாலும் அவர் விரல் தேய்ந்த இடம். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வித்துடலாம். ஆனா வர்றவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடணும்."

"சொன்னா எவன் வாங்குவான்?"

"சொல்லாம வித்தா நமக்குத் தூக்கம் வருமா?"

வாங்க ஒருவர் வந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த தாடி. தரையில் நடக்கும்போதும் காலை அகட்டி அகட்டி வைப்பார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. "அசையாத கட்டில்ல எனக்குக் கண்ணு மூடாது தம்பி. ஆடிக்கிட்டே இருக்கணும்" என்றார். வண்டியைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அதன் பக்கவாட்டைத் தட்டிக் கொடுத்தார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் சிரிக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை.

"உள்ள போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

போனார். கதவைச் சாத்திக்கொண்டார். ரொம்ப நேரம். உள்ளே பேச்சுச் சத்தம்... அவர் குரல் மட்டும். ஏதோ கேட்பது போல. நிறுத்துவது போல. மறுபடியும் கேட்பது போல. வெளியே இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியவர் இறங்கி வந்தார்.

"நான் எடுத்துக்கிறேம்மா."

"ஐயா... அவங்க?"

"கேட்டுட்டேன். எனக்கும் யாருமில்ல, வண்டி போய்க்கிட்டே இருக்கும், சம்மதமான்னு கேட்டேன். தலையை ஆட்டினாங்க."

"பேசினாங்களா?"

"பேசலை. வாசல் படியில வந்து உட்கார்ந்துக்கிட்டாங்க. கிளம்பத் தயாரா இருக்காங்க போல."

சாயங்காலமே சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டிப் போனார். அக்கா, அத்தான் இருவரும் காலி இடத்தின் கேட்டருகே நின்றார்கள். வண்டி கேட்டைத் தாண்டியதும் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் தனக்குப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தலையை நீட்டி இவர்கள் பக்கம் பார்த்தார், என்னவோ கேட்க வருவது போல. அத்தான் கையசைத்தார். பெரியவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

வண்டி நின்ற இடத்தில் புல் வெளுத்துக் கிடந்தது. அக்கா அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். அன்று இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். சோடாபுட்டியைக் கூப்பிட்டு அக்கா அத்தானைப் பற்றியே பெருமை பேசிக்கொண்டிருந்தாளாம். அத்தானும் மாறிவிட்டார். எங்கேயும் ஓடவேண்டும் என்ற அரிப்பு போய்விட்டது. வேலை இல்லாத நாளில் சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாயைப் போட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அசந்து தூங்குவார். வாழ்க்கையில் அப்படித் தூங்கியதே இல்லை என்று சொல்வார்.

அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான்.

இப்போது அவர்கள் அந்த வீட்டில் இல்லை. வேறு வீடு பார்த்தார்கள், அதிலும் நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு... இன்னும் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அக்கா கடையை மூடிவிட்டாள். அத்தான் கண் அசரும்போதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தூக்கம் வந்தால் அவரை எழுப்பிவிட்டுத்தான் படுக்கிறாள்.

ஏன் என்று நானும்தான் கேட்டேன். சோடாபுட்டி ரொம்ப நாள் சொல்லவில்லை. வேலையை விட்டுப் போகிற அன்றுதான் சொன்னான்.

வண்டி போன பிறகு ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரம், பெரியவரிடமிருந்து போன் வந்திருக்கிறது. அத்தான் அப்போதுதான் தூங்கி எழுந்து முகம் கழுவியிருந்தார். அக்கா இன்னும் கடையிலிருந்து வரவில்லை.

"வண்டி தேர் மாதிரி போகுது தம்பி. உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும். ஒரே ஒரு குறைதான்... அவங்க வரலையே."

"யாரு?"

"வர்றேன்னு தலையை ஆட்டிட்டு, கேட் கிட்ட இறங்கிட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நின்னாங்களே, நீங்க கவனிக்கலையா? சொல்லிட்டு வர்றதுக்குத்தான் போறாங்கன்னு நினைச்சு, கதவைத் திறந்து வச்சுக் காத்திருந்தேன்."

அத்தான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஹாலைத் திரும்பிப் பார்த்தார்.

"அதைக் கேக்கத்தான் மத்தியானமே போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தாங்க. நீங்க தூங்குறீங்க, எழுப்ப மனசு வரலைன்னாங்க."

"இல்லைங்க ஐயா... மத்தியானம் வீட்ல நான் மட்டும்தான் இருந்தேன்."

பெரியவர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவது போனில் கேட்டதாம். பிறகு பெரியவர் சொன்னார்.

"அப்படியா... உங்க குறட்டை எனக்கு நல்லாவே கேட்டுச்சே தம்பி. அவங்க குரலைவிடக் கிட்டத்துல."